அட்டையில் இல்லாத நீலம்

ஒரு திருமணம் சிறக்க இரண்டு மனங்கள் ஒன்றுபட வேண்டும் என்று நெடுங்காலமாக ஒரு வதந்தி உலவி வருகிறது. இதை நான் வன்மையாக மறுக்கிறேன். ஐந்து நிறங்கள் ஒன்றுபட்டால் போதும். மனங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அவை புகைப்படத்தில் விழுவதில்லை.

போகிறபோக்கில் சொல்லவில்லை. என் அக்கா மகளின் திருமணத்தில் 'வண்ண ஒழுங்குக் குழு'வின் தலைவராக நாற்பத்தொரு நாட்கள் பணியாற்றியவன் என்ற தகுதியில் சொல்கிறேன். குழுவில் மொத்தம் மூன்று பேர்: நான், அக்கா, மணப்பெண். கூட்டம் தொடங்கியதும் அக்கா அடுப்பைப் பார்க்க எழுந்து போய்விடுவாள். மணப்பெண் அலுவலகத்திலிருந்து வந்து சேர்வதற்குள் கூட்டம் முடிந்துவிடும். ஆகவே பெரும்பாலான தீர்மானங்கள் ஒருமனதாக நிறைவேறின.

மணப்பெண் நேரில் இருந்து நிறைவேற்றிக்கொண்ட தீர்மானம் ஒன்றே ஒன்று. "வாசல்லேர்ந்து மேடை வரைக்கும் அப்பா என் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வரணும் மாமா. மத்தது எல்லாம் உங்க இஷ்டம்." அதைத் தீர்மானம் எண் ஒன்றாகக் குறித்துக்கொண்டேன்.

எங்களுக்கு வழிகாட்டியவர் ஒரு மலர் வடிவமைப்பு ஆலோசகர். பூக்காரம்மா என்று சொல்லிவிடாதீர்கள். நான் ஒருமுறை வாய்தவறிச் சொல்லிவிட்டு, அவர் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் மேஜைமேல் இருந்த கத்தரிக்கோலையே அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பூக்காரர்கள் பூ கொடுப்பார்கள். ஆலோசகர் 'பருவம்' கொடுப்பார்.

"உங்களுக்கு எந்தப் பருவம் வேணும்?" என்று முதல் சந்திப்பிலேயே கேட்டார்.

"கல்யாணம் அடுத்த மாசம் பதினெட்டாம் தேதிங்க."

"அது தேதி. நான் கேட்டது பருவம்."

எங்கள் ஊரில் பருவங்கள் இரண்டுதான். ஒன்றில் சட்டை நனையும், வியர்வையால். இன்னொன்றிலும் நனையும், மழையால். இதைத் தாழ்மையுடன் தெரிவித்தேன். ஆலோசகர் கண்ணை மூடிச் சற்று யோசித்தார். "இலையுதிர்காலம்," என்று அறிவித்தார்.

"இங்க இலை உதிராதே?" என்றாள் அக்கா.

"அதுக்குத்தானே நாங்க இருக்கோம்," என்றார் ஆலோசகர்.

பிறகு அவர் மேஜை இழுப்பறையிலிருந்து வண்ண அட்டையை எடுத்தார். உள்ளங்கை அகலம். அதில் ஐந்து கட்டங்கள்: மங்கிய ரோஜா, பழைய தந்தம், சாம்பல் பச்சை, காய்ந்த கோதுமை, நேற்றைய தேநீர். இந்தக் கடைசி நிறத்தை என் அக்கா தினமும் காலையில் டம்ளரிலிருந்து கழுவி ஊற்றிக்கொண்டிருந்தாள். அதற்கு இப்படி ஒரு மரியாதை இருப்பது அன்றுதான் எங்கள் குடும்பத்துக்குத் தெரிந்தது.

அழைப்பிதழோடு எல்லோருக்கும் அட்டையும் போனது. ஐந்து நிறங்களுக்கு வெளியே உடுத்தி வருவோர் பின்வரிசையில் அமர்த்தப்படுவார்கள் என்று கீழே ஒரு வரி சேர்த்தேன். ஒரு பெரியம்மா உடனே தொலைபேசியில் கூப்பிட்டார். "ஏம்ப்பா, எங்க வீட்டுக்காரர் நல்ல கறுப்பு. வரலாமா, கூடாதா?"

"தாராளமா வரலாம் பெரியம்மா. விதி துணிக்கு மட்டும்தான். தோலுக்கு இன்னும் வரலை."

அன்றைக்கு அது உண்மையாகத்தான் இருந்தது.

முதல் நெருக்கடி மேடைத் துணியில் வந்தது. நாற்பது மீட்டர், மங்கிய ரோஜா நிறத்தில் வேண்டும். ஆலோசகரும் நானும் பதினோரு கடை ஏறி இறங்கினோம். ரோஜா இருந்தது, மங்கவில்லை. மங்கியது இருந்தது, ரோஜாவாக இல்லை. ஒரு கடைக்காரர், "வாங்கிட்டுப் போய் நாலு நாள் மொட்டை மாடியில காயப் போடுங்க சார், அதுவா மங்கிடும்," என்றார். ஆலோசகருக்குக் கண்கலங்கிவிட்டது.

இந்த இடத்தில் என் அத்தான் உள்ளே வருகிறார். அக்காவின் கணவர், மணப்பெண்ணின் தந்தை. துணி ஆலையில் சாயப் பிரிவு. இருபத்தாறு வருடமாக நீலத் தொட்டி. இவ்வளவு நேரம் அவரைப் பற்றி நான் எதுவும் சொல்லாததற்குக் காரணம், அவர் குழுவில் இல்லை.

அவர் வண்ண அட்டையை வாங்கி ஜன்னலோரம் கொண்டுபோய் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். "இது வெறும் ரோஜா இல்ல மச்சான். அடியில கொஞ்சம் பழுப்பு ஓடுது. ஆலையில ஒரு சின்னத் தொட்டி சும்மாதான் கிடக்கு. ரெண்டு நாள் கொடு."

மூன்றாம் நாள் துணி வந்தது. ஆலோசகர் மேஜைமேல் விரித்து, அதன்மேல் வண்ண அட்டையை வைத்தார். அடுத்த நொடி, "அட்டை எங்கே?" என்றார். ரோஜாக் கட்டம் துணியோடு துணியாகக் கரைந்திருந்தது. விரலால் தடவித்தான் ஓரத்தைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

"யார் இந்தக் கலைஞர்?" என்றார் ஆலோசகர், தழுதழுத்த குரலில். "எனக்கு அந்தக் கையைப் பார்க்கணும்!"

"நான்தாங்க," என்று அத்தான் வாசற்படியிலிருந்து கையைத் தூக்கினார்.

ஆலோசகர் பார்த்தார். முழங்கை வரை நீலம். நகங்களில் இன்னும் ஒரு சுற்று கூடுதல்.

"கையுறையா?"

"இல்லைங்க. கைதான்."

"போகாதா?"

"ஒரு மாசம் தொட்டிப் பக்கம் போகாம இருந்தா தோல்ல உள்ளது போயிடும். நகத்துக்கு ஆறு மாசம் ஆகும்."

"கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள்தானே இருக்கு! லீவு போடுங்க சார்."

"மூணு நாள் கொடுத்தாங்க. ரெண்டு நாள் உங்க துணிக்குப் போச்சு. மிச்சம் ஒண்ணு. அது கல்யாணத்தன்னிக்கு."

அன்று மாலையே அவசரக் கூட்டம் கூட்டினேன். அத்தான் 'சிறப்பு அழைப்பாளர்'. ஆலோசகர் மிகுந்த நாகரிகத்துடன் பேசினார். எந்தக் கட்டத்திலும் அவர் 'அசிங்கம்' என்ற சொல்லைப் பயன்படுத்தவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

"தப்பா எடுத்துக்காதீங்க. பிரச்சினை கை இல்ல, அதோட பருவம். மேடை முழுக்க இலையுதிர்காலத்துல இருக்கு. உங்க கை மட்டும் குளிர்காலத்துல இருக்கு."

"அப்படியா? ஆலையில எனக்கு அப்படி வேர்க்குதே!" என்றார் அத்தான்.

அக்கா சிரித்துவிட்டாள். கூட்டத்தின் கண்ணியம் கருதி நான் சிரிக்கவில்லை.

"ஏன் மச்சான், என்னையும் தொட்டியில ஒரு முக்கு முக்கி மங்க வெச்சுடலாமே?" என்று அவர் என் தோளைத் தட்டினார். நான் மெதுவாக நகர்ந்து உட்கார்ந்தேன். அது புதுச் சட்டை, காய்ந்த கோதுமை.

நடவடிக்கைகள் தொடங்கின. எலுமிச்சை, மண்ணெண்ணெய், சலவைச் சோடா, கடைசியில் பாத்திரம் தேய்க்கும் கம்பி நார். அக்கா தேய்க்க, நான் அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். ஐந்தாம் நாள் தோல் சிவந்து, நீலத்தோடு சேர்ந்து ஊதாவாக மாறியது. ஊதாவும் அட்டையில் இல்லை.

"போதும்டா. ரத்தம் வருது," என்றாள் அக்கா.

"ரத்தம் தேவலை அக்கா. காய்ஞ்சா தேநீர் நிறத்துக்கு வந்துடும்."

அக்கா கம்பி நாரை என்மேல் வீசினாள். குழுவில் ஏற்பட்ட ஒரே கருத்து வேறுபாடு இது.

அடுத்து, தந்த நிறக் கையுறை. ஒத்திகைக்காக அத்தானை மண்டபத்து வாசலில் நிறுத்தினோம். அவர் நெற்றியைச் சொறியக் கையைத் தூக்கினார். நாற்காலி ஏற்றி வந்த வேன்காரர் பிரேக் அடித்து நிறுத்தி, தலையை நீட்டி, "எந்தப் பக்கம் திருப்பணும் சார்?" என்றார். கையுறை கைவிடப்பட்டது. கையைப் பையில் விட்டுக்கொள்ளலாம் என்றேன். "பையில கைய விட்டுட்டு மகளை எதைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறது?" என்றார் அத்தான். நியாயமான கேள்விதான். ஆகவே நாங்கள் கேள்வியையே நீக்கிவிட்டோம்.

ஆலோசகர் ஒரு புதிய பதவியை உருவாக்கினார்: 'இலையுதிர்கால இயக்குநர்'. மேடைக்குப் பக்கத்தில் ஒரு தட்டி. அதன் பின்னால் ஒரு பெரிய மின்விசிறி, ஆறு சாக்கு காய்ந்த இலை. மணப்பெண் நடந்து வரும்போது தட்டிக்குப் பின்னாலிருந்து ஒருவர் கைப்பிடி கைப்பிடியாக இலையை விசிறி முன் போட வேண்டும். அவை பறந்து வந்து அவள் பாதையில் உதிரும். பருவமே இந்த ஒரு மனிதரின் கையில்! அந்தக் கையை யாரும் பார்க்கவும் முடியாது.

இதை மணப்பெண்ணிடம் எடுத்துரைக்கும் பொறுப்பு தலைவர் என்ற முறையில் எனக்கு வந்தது. அவள் அலுவலகப் பையைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டே கேட்டாள்.

"அப்போ என் கூட யார் வருவா?"

"நான் இருக்கேனே! என் கையைப் பாரு. பொறந்ததிலிருந்தே நேற்றைய தேநீர்."

"மாமா, அது எங்க அப்பா கை."

"யார் இல்லைன்னா? ஆனா படம் அம்பது வருஷத்துக்கு இருக்கும்மா. நாளைக்கு உன் பிள்ளைங்க பார்த்துட்டு, 'இது என்ன நீலமா?'ன்னு கேட்டா?"

"தாத்தான்னு சொல்லுவேன்."

இப்படியெல்லாம் பேசுபவர்களோடு அழகுணர்ச்சியைப் பற்றி விவாதிக்க முடியாது. நல்லவேளையாக அத்தானே குறுக்கிட்டார். "விடு பாப்பா. நின்னு எல்லார்கிட்டயும் பல்லைக் காட்டறதைவிட எனக்கு ஏதாவது வேலை பார்க்கறதுதான் சரிப்படும். தட்டிக்குப் பின்னாடி மின்விசிறி வேற இருக்கு. ஜம்முனு இருப்பேன்."

அவள் அவரையே பார்த்தாள். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தீர்மானம் எண் ஒன்று திருத்தங்களுடன் ஏற்கப்பட்டது.

கல்யாண நாள். காலை ஆறு மணிக்கு நான் மண்டபத்துக்குள் நுழைந்தபோது இலையுதிர்காலம் இல்லை. முந்தின நாள் மாலை பாதை முழுக்கப் பரப்பிய இலைகளில் ஒன்றுகூட இல்லை. தரை பளிச்சென்று இருந்தது. மூலையில் துப்புரவுப் பணியாளர் அம்மா ஒருவர் துடைப்பத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். சாக்குகளும் காலி.

"இங்க இருந்ததெல்லாம் எங்கம்மா?"

"குப்பையா? கூட்டி அள்ளிட்டேன் சார். யாரு போட்டாங்களோ, எருமை மாடுங்க. சாக்குல வேற அடைச்சு வெச்சிருந்தாங்க."

"அது குப்பை இல்லம்மா! இலையுதிர்காலம்!"

"என்ன காலமோ சார், தரையில கிடந்தா கூட்டச் சொல்லித்தான் என்னை வெச்சிருக்காங்க."

நான் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். என்னோடு வந்திருந்த அத்தான் கல்யாணச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் பின்வாசலுக்குப் போனார். குப்பைத் தொட்டிக்குள் இறங்கினார். அந்த அம்மா சாக்கைப் பிடித்துக்கொள்ள, எட்டரை மணிக்குள் இலையுதிர்காலம் முழுவதும் மீட்கப்பட்டது. உடன் வந்த இரண்டு வாழைப்பழத் தோல்களை நான் நேரில் அப்புறப்படுத்தினேன்.

பத்து மணிக்கு மணப்பெண் வாசலில் தோன்றினாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். மின்விசிறி சுழன்றது. இலைகள் எழும்பி, வளைந்து, ஒவ்வொன்றாக அவள்முன் உதிர்ந்தன. முன்வரிசையில் யாரோ 'ஆஹா' என்றார்கள். பாதி வழியில் அவள் நின்று தட்டியைப் பார்த்தாள். கண்கள் சிவந்துவிட்டன. அலங்காரப் பெண் ஓடிவந்து, "அழாதீங்க மேடம், சிவப்பு நம்ம அட்டையில இல்ல," என்று ஒற்றி எடுத்தார். இப்படிப்பட்ட கடமையுணர்ச்சி இன்று எத்தனை பேரிடம் இருக்கிறது?

குடும்பப் படம் எடுக்கும்போதுதான் ஒரு சின்னக் குறை தெரிந்தது. மணப்பெண் தன் வலப்பக்கத்தில் ஒரு ஆள் அளவுக்கு இடம் விட்டுவிட்டு நின்றாள். "தள்ளி நில்லும்மா" என்று மூன்று முறை சொல்லியும் நகரவில்லை. ஆலோசகர் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. ஆள் உயரத்துக்குத் தந்த நிற மலர்களால் ஆன ஒரு தாங்கியைக் கொண்டுவரச் செய்து அந்த இடத்தில் நிறுத்தினார். படம் முழுமை பெற்றது. அத்தானிடம் நிறுத்தச் சொல்ல நாங்கள் எல்லோருமே மறந்துவிட்டதால், ஆறாவது சாக்கு தீரும்வரை இலை விழுந்துகொண்டே இருந்தது.

அந்தப் படம் இன்று ஆலோசகரின் விளம்பரப் பக்கத்தில் முதலாவதாக நிற்கிறது. அதைப் பார்த்து நாலாயிரம் பேர் இதயம் அனுப்பியிருக்கிறார்கள். பெரிதாக்கி, சட்டம் போட்டு, அக்கா வீட்டுக் கூடத்தில் நானே ஆணி அடித்து மாட்டினேன்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை, வெளியூரில் இருந்ததால் கல்யாணத்துக்கு வர முடியாமல்போன சம்பந்தி வீட்டு உறவுக்கார அம்மாள் ஒருவர் பரிசுப் பொருளோடு அக்கா வீட்டுக்கு வந்தார். நான் அவரைப் படத்தின்முன் நிறுத்தி, ஐந்து நிறங்களையும் வரிசையாக விளக்கினேன். அவர் மெய்ம்மறந்து கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மணப்பெண்ணின் வலப்பக்கம் அவர் பார்வை நின்றது.

"இந்த இடத்துல பொண்ணோட அப்பா இல்ல நிக்கணும்? பூ மட்டும்..." சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். குரல் இறங்கியது. "ஐயோ, எங்களுக்கு யாருமே சொல்லலியே. எப்போ தவறினார்?"

நான் விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அதற்குள், ஆலையிலிருந்து வந்து டீ போட்டுக்கொண்டிருந்த அத்தான் தட்டோடு வந்து, அந்த அம்மாள் முன் நீலக் கையால் ஒரு டம்ளரை வைத்தார்.

"கல்யாணத்தன்னிக்குத்தாங்க. உடம்புக்கு ஒண்ணும் இல்ல, நிறம் சேரலைன்னுட்டாங்க. காரியமெல்லாம் மச்சான்தான் முன்னால நின்னு செஞ்சாரு."