பழைய பிள்ளைகளுக்குப் புது மாலை

"நீ கூப்பிட்டா மலையில இருந்து புள்ளைக எறங்கி வந்துருமாக்கும்?" என்று கேட்டார் மாமா. அம்மாவின் தம்பி. போடியிலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்பு அவருடையது. எங்கள் குடும்பத்திலேயே முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள், டீச்சராகவும் ஆனவள் நான். என்னிடம் கேட்கிற கேள்வியா இது?

அரசு நடுநிலைப் பள்ளி ஒன்றில் தற்காலிக ஆசிரியையாகச் சேர்ந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. புதுச் சேர்க்கை வராவிட்டால் ஓர் ஆசிரியர் குறைவார் என்றார்கள். அது யார் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாமாவின் ஜீப்பிலேயே போடிமெட்டு ஏறினேன். (வளைவுக்கு வளைவு நான் ஒரு பக்கம், வயிறு ஒரு பக்கம்.) தோட்டத்துக் குடியிருப்பில் கல்வியின் பெருமையைத் தொண்டை கட்டும் வரை பேசினேன். பிள்ளைகள் என்னை விநோதமாகப் பார்த்தார்கள்.

"எங்க ஸ்கூலுக்கு வர்றீங்களா?"

"கேசரி உண்டா டீச்சர்?" என்றாள் பேச்சி என்றொரு சிறுமி.

"உண்டு!"

"அப்ப வர்றோம்."

மறுநாள் ஜீப்பு நிறைய வந்து இறங்கினார்கள். புதிதாகச் சேர்பவர்களுக்கு மாலை போட்டு, மேளம் கொட்டி, கேசரி கொடுப்பது எங்கள் பள்ளி வழக்கம். மூன்றையும் குறைவில்லாமல் செய்தேன். பேச்சி மாலையோடு நேராக ஏழாம் வகுப்புக்குப் போய் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். இன்னொருத்தி சத்துணவு அக்காவிடம், "என் தட்டு எங்கக்கா?" என்றாள். மலைப் பிள்ளைகள் எவ்வளவு சீக்கிரம் ஒட்டிக்கொள்கிறார்கள் என்று பூரித்துப் போனேன்.

அப்போதுதான் தலைமையாசிரியை, கல்வி அலுவலரை அழைத்துக்கொண்டு வந்தார்.

"புது அட்மிஷன், சார்!" என்றேன்.

தலைமையாசிரியை மாலைகளைப் பார்த்தார். "ஏ பேச்சி! பொங்கலுக்குப் போனவ, இப்பத்தான் வர்றியா?"

அத்தனை பேரும் எங்கள் பள்ளிப் பிள்ளைகள். ஏலக்காய் எடுக்கப் போன பெற்றோரோடு மலையேறி, அங்கேயே தங்கிவிட்டவர்கள்.

"ஏன்டி சொல்லலை?" என்றேன்.

"நீங்க கேக்கலையே டீச்சர். திரும்பி வந்ததுக்குத்தான் மாலைன்னு நெனச்சோம்."

அலுவலர் கேசரியும் கையுமாக விழித்தார். "இவங்க புதுசா, பழசா?"

"எனக்கும் அதான் சார் புரியலை."

"பதிவேட்டுல பேரு கூடலை சார், ஆளு கூடியிருக்கு" என்றார் தலைமையாசிரியை.

அலுவலர் மாலைகளை ஒருமுறை எண்ணினார். பிறகு இன்னும் கொஞ்சம் கேசரி கேட்டார். "காலாண்டுப் பரீட்சை வரைக்கும் உங்க வேலை இருக்கட்டும், பாப்போம். அதுக்குள்ள நெசமாவே புதுப் பிள்ளைகளா கூட்டிட்டு வாங்கம்மா."

மாமாவிடம் சண்டைக்குப் போனேன். "உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும் ஆத்தா. படிச்ச புள்ளை, எதையோ தெரிஞ்சுதான் செய்யிதுன்னு இருந்துட்டேன்."

அன்றிலிருந்து நான் வேலை முடிந்து வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினால் மாமா எழுந்து நின்று கும்பிடுகிறார். "வாங்க, புதுசா சேர வந்திருக்கீகளா? மாலை கொண்டாரவா?"

நான் அசரவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு அதே ஜீப்பில் முன் சீட்டைப் பிடித்து வைத்துவிட்டேன். எனக்கல்ல, பிள்ளைகளின் முகம் தெரிந்த தலைமையாசிரியைக்கு.