தீசிஸ் அண்ணையும் இரண்டாம் பிசாசும்

லண்டனில் பிழையே விடாத மனிதர் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் தீசிஸ் அண்ணை. இதை நான் ஆராய்ந்து சொல்லவில்லை. அவரே தினமும் இரண்டு தரம் சொல்லுவார். மற்றவர்கள் விடும் பிழைகளைக் கண்டுபிடிக்கத்தான் ஆண்டவர் தன்னை ஸ்ட்ரெதமுக்கு அனுப்பியிருக்கிறார் என்பது அவருடைய அசையாத நம்பிக்கை. பாதரின் பிரசங்கம், பால் போத்தலின் திகதி, பஸ் வரும் நேரம், நான் அடுக்கி வைத்த மீன் டின்கள், எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பாது.

ஸ்ட்ரெதம் பெருந்தெருவில் ஒரு பலசரக்குக் கடையில் அவரும் நானும் ஒரே ஷிப்ட். அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. சம்பளச் சீட்டில் ஒருமுறை பார்த்திருக்கிறேன். மன்னார்க்காரர். ஜெர்மனியில் பதினான்கு வருடம் பீட்சா அடுப்புக்கு முன்னால் நின்றவர். இரண்டு மணிக்கட்டிலும் அடுப்பு சுட்ட தழும்புகள் வளையல் போட்டது மாதிரி இருக்கும். ஜெர்மன் பாஸ்போர்ட் கிடைத்ததும் எங்கள் ஆட்கள் பலர் பிள்ளைகளின் படிப்புக்காக லண்டனுக்கு வந்தார்கள். அவரும் படிப்புக்காகத்தான் வந்தார், ஆனால் பிள்ளைகளின் படிப்புக்காக இல்லை.

அவர் ஆராய்ந்தது நானூறு வருடத்துக்கு முந்திய ஆங்கில நாடகங்களில் வரும் பேராசைக்காரப் படிப்பாளியை. உலகத்துப் புத்தகங்களை எல்லாம் படித்து முடித்து, அதுவும் போதாமல், இன்னும் அறிவு வேண்டும் என்று பிசாசோடு ஒப்பந்தம் போட்டு, கடைசியில் நரகத்துக்கு இழுத்துச் செல்லப்படுகிறவன். அவன் கெட்டவன் இல்லை, துன்பியல் நாயகன் என்று நிறுவுவதுதான் அண்ணையின் தீசிஸ், டொக்டர் பட்டத்துக்கான ஆய்வேடு. பகுதிநேரப் படிப்பு என்பதால் அது ஒன்பதாவது வருடமாக ஓடிக்கொண்டிருந்தது. அவருடைய மனைவி ஜெசிந்தா அக்கா பள்ளிக்கூடக் கன்ரீனில் வேலை செய்து வீட்டைப் பார்த்தார். "தீசிஸ் எப்ப முடியும் அக்கா?" என்று யாராவது கேட்டால், "பிசாசு வந்து இவரைக் கூட்டிக்கொண்டு போகேக்க முடியும்" என்பார்.

கடைக்கு வருகிறவர்களை எல்லாம் அண்ணை இரண்டாகப் பிரித்து வைத்திருந்தார். துன்பியல் நாயகர்கள், மற்றவர்கள். ஒரு சுரண்டல் லொட்டரி வாங்கிக்கொண்டு போகிற மனிதரைப் பார்த்து, "நல்ல மனுசன். ஆனா நாயகன் இல்லை. ஆசை காணாது" என்பார். எங்கள் முதலாளி அந்த வருடம் மூன்றாவது கடையைத் திறந்தார். அவரைக் கண்டால் மட்டும் அண்ணை தலையை ஆட்டி உச்சுக் கொட்டுவார்.

"ஏன் ஐசே என்னைப் பார்த்து உச்சுக் கொட்டுறீர்?" என்று ஒருநாள் முதலாளி கேட்டார்.

"நீங்கள் பெரிய ஆள் அண்ணை. அதுதான் யோசினையாக் கிடக்கு. பெரிய ஆக்கள்தான் விழுகிறவை."

முதலாளி அடுத்த கிழமையே டொக்டரிடம் போய் இரத்தம் சோதித்துக்கொண்டு வந்தார்.

தீசிஸ் குடியிருந்தது ஒரு பாசுமதி அரிசிப் பையில். பத்துக் கிலோ பை, பிடியும் சிப்பும் உள்ளது. அதைவிட உறுதியான பை உலகத்தில் இல்லை என்பது அவருடைய முடிவு. ஒருநாள் கோலியர்ஸ் வுட்டில் உள்ள தன் வீட்டிலிருந்து அவசரமாகக் கிளம்பி, பல்கலைக்கழகத்தில் தன் பேராசிரியையின் மேசையில் பையைத் தூக்கி வைத்துச் சிப்பை இழுத்திருக்கிறார். உள்ளே அரிசி. அதே நேரம் வீட்டில் ஜெசிந்தா அக்கா சோறு போட அரிசி எடுக்கப்போய், நான்காம் அத்தியாயத்துக்குள் அரிசி அளக்கும் சுண்டை விட்டிருக்கிறார். வேறு யாராவது என்றால் அசடு வழிந்திருப்பார்கள். அண்ணை அசரவில்லை. "ஆசிரியருக்கு அரிசி குடுக்கிறது எங்கட முறை" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். அடுத்த சந்திப்பில் அந்த வெள்ளைக்காரப் பேராசிரியை, சோறு நன்றாக இருந்தது, அத்தியாயம் எப்போது வரும் என்று கேட்டாராம்.

"அப்ப பையை மாறிக் கொண்டுபோனது பிழைதானே அண்ணை?" என்றேன்.

"பிழையோ? ஆர் சொன்னது? இரண்டு பையையும் பக்கத்தில வைச்சது ஜெசிந்தா."

இப்படிப்பட்டவருக்கு 2009 ஐப்பசியில் ஒரு கடிதம் வந்தது. தை மாத முடிவுக்குள் தீசிஸைக் கையளிக்காவிட்டால் பதிவு ரத்து. ஒன்பது வருடமும் அரிசிப் பையோடு போய்விடும். எல்லா அத்தியாயமும் சரி, கடைசி அத்தியாயத்தில்தான் பேராசிரியை பிடித்துக்கொண்டு நின்றார். அதில் அண்ணை இப்படி எழுதியிருந்தார்: அந்தப் படிப்பாளியின் முடிவைப் பார்க்கிறவர்கள் மூச்சுக்கூட விடாமல் உறைந்துபோய் இருப்பார்கள், அவனைக் காப்பாற்ற வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றாது. அது உமக்கு எப்படித் தெரியும் என்று பேராசிரியை கேட்டிருக்கிறார்.

"எனக்குத் தெரியும் எண்டா தெரியும்தான். ஆனா அந்த மனுசிக்குக் கண்ணுக்கு முன்னால காட்ட வேணும்" என்று அண்ணை புறப்பட்டார்.

எங்கள் கோயிலில் மார்கழியில் கிறிஸ்மஸ் ஒளிவிழா நடக்கும். பிள்ளைகளின் கரோல், குட்டி நாடகங்கள், கேக், ராபிள் சீட்டிழுப்பு. அந்த வருடம் வைகாசியில் ஊரில் போர் முடிந்த பிறகு எங்கள் ஆட்கள் சிரிப்பதையே மறந்துபோயிருந்தார்கள். ஞாயிறு பூசையில் இறந்தவர்களின் பெயர்களை வாசிக்க எடுக்கும் நேரம் நீண்டுகொண்டே போனது. இந்த ஒளிவிழாவிலாவது சனம் கொஞ்சம் சிரிக்க வேண்டும் என்று பாதர் எல்லாரிடமும் யோசனை கேட்டார். அண்ணை கையை உயர்த்தினார்.

"பாதர், என்னட்ட ஒரு நல்ல துன்பியல் இருக்கு."

பாதர் நல்ல மனிதர், மறுக்கத் தெரியாதவர். அண்ணை எழுதிய நாட்டுக்கூத்துக்கு இருபது நிமிடம் கொடுத்து, ஒரு நிபந்தனையும் போட்டார். எந்தக் கூத்தும் முடிகிற மாதிரி இதுவும் எல்லாரையும் வாழ்த்தும் மங்களப் பாட்டோடு முடிய வேண்டும். "நரகத்துக்குப் போனவனுக்கு என்ன பாதர் மங்களம்?" என்று அண்ணை இரண்டு கிழமை சண்டை பிடித்தார். கடைசியில், பிசாசுகள் படிப்பாளியை இழுத்துக்கொண்டு போனபின் பாடகர் குழு மங்களம் பாடலாம் என்று ஒத்துக்கொண்டார்.

படிப்பாளியாக அண்ணையே நடித்தார். "லண்டனில இதுக்கு வேற ஆள் இல்லை." முதலாம் பிசாசு பேக்கரி அன்ரன். கோயிலில் வாசகம் வாசிக்கிறவர், எறும்பைக் கண்டாலும் விலகி நடக்கிறவர். பிசாசு மாதிரிச் சிரிக்கச் சொன்னால் இருமுவார். இரண்டாம் பிசாசு நான். படிப்பாளியின் கைகளைக் கயிற்றால் கட்டி இழுப்பது என் வேலை.

முதல் ஒத்திகையில் நன்றாக ஏச்சு வாங்கினேன். "இறுக்கிக் கட்டும் ஐசே! நரகத்துக்குக் கொண்டு போறீர், சூப்பர்மார்க்கெட்டுக்கு இல்லை!" நான் எப்படி இறுக்குவது? கயிறு விழும் இடத்தில்தான் அந்தத் தழும்புகள் இருந்தன. அடுத்த ஒத்திகையிலிருந்து முகத்தை மட்டும் இறுக்கிக்கொண்டு கயிற்றைத் தளர்வாகவே கட்டினேன். அதற்குப் பிறகு அவர் ஏசவில்லை, கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிறு பின்னேரம் மண்டபம் நிறைந்தது. முன்வரிசையில் பேராசிரியை கையில் பேனாவோடு இருந்தார். அவருக்குப் பக்கத்தில் றோசலின் அன்ரி. அன்ரிதான் எங்கள் செபமாலைக் குழுவின் தலைவி. யாருக்காவது கடைசி மணித்தியாலம் என்று கேள்விப்பட்டால் அம்புலன்சுக்கு முன்னால் அன்ரி போய்ச் சேர்ந்துவிடுவார். கட்டிலைச் சுற்றி ஆட்களை நிறுத்திச் செபம் தொடங்கினால், அந்த உயிர் நிம்மதியாகப் போகும்வரை எழும்ப மாட்டார். நாற்பது வருடமாக அதுதான் அவருடைய தொண்டு.

கூத்து நன்றாகத்தான் தொடங்கியது. பிசாசின் ஒப்பந்தத்தில் அண்ணை கையெழுத்து வைக்கப்போனபோது, மண்டபத்தில் பாதிப்பேர் ஒன்றாகக் கத்தினார்கள்: "வாசிச்சுப் பாத்துப்போட்டு வையுங்கோ!" வாசிக்காமல் கையெழுத்து வைத்து மாட்டுப்படாத ஆள் அந்த மண்டபத்தில் இருந்திருக்க முடியாது. பெரிய சிரிப்பு. பாதரின் முகம் மலர்ந்தது.

கடைசிக் காட்சி வந்தது. அண்ணை முழங்காலில் விழுந்தார். கைகளைக் கட்டினேன். "ஐயோ, எனக்கு இன்னும் ஒரு மணித்தியாலம்தான் இருக்கு!" என்று அவர் கூவினார். உண்மையில் நன்றாக நடித்தார்.

றோசலின் அன்ரிக்கு அதற்குமேல் ஒன்றும் தேவைப்படவில்லை. கையிலிருந்த மட்டன் ரோலைப் பேராசிரியையிடம் கொடுத்துவிட்டு, செபமாலையை எடுத்து, எழுந்து நின்று தொடங்கிவிட்டார். அந்தச் செபத்தில் முதல் பாதியை ஒருவர் சொல்ல, மறுபாதியை மற்றவர்கள் சொல்ல வேண்டும். எங்கள் ஆட்களுக்கு முதல் பாதி காதில் விழுந்தால் மறுபாதி தானாக வாயில் வந்துவிடும். மண்டபம் முழுவதும் எழுந்து நின்று மறுபாதியைச் சொன்னது. பேக்கரி அன்ரன் கொம்போடு முழங்காலில் இருந்தார். நான் ஒரு பிசாசு என்பது எனக்கு மூன்றாவது தரம் சொல்லி முடித்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

"நிப்பாட்டுங்கோ!" என்று அண்ணை கத்தினார். "இது கூத்து! இவன் நரகத்துக்குப் போகத்தான் வேணும்!"

"கூத்தெண்டாலும் ஒருத்தன் சாகிறான் தம்பி," என்றார் அன்ரி. "மன்னிப்புக் கேளும். ஆண்டவர் விடுவார்."

"ஏலாது அன்ரி! கதையில அவன் கேக்கிறேல்லை!"

"அப்ப கதையை மாத்தும்!" இது பின்வரிசை.

"நானூறு வருசத்துக் கதை!"

"நானூறு வருசமா ஒருத்தரும் மாத்தேல்லையோ? இனியாவது மாத்தும்!"

மண்டபம் சிரித்தது. அன்ரி சிரிக்கவில்லை. மெதுவாக மேடைக்குக் கிட்ட வந்தார். "தம்பி, இந்த வருசம் எத்தினை பேரைப் போக விட்டிட்டம். கிட்டப் போய் ஒரு செபம் சொல்லக்கூட ஏலாமப் போச்சு. நீர் எங்கட கண்ணுக்கு முன்னால நிக்கிறீர். உம்மையெண்டாலும் விடமாட்டம்."

சிரிப்பு நின்றுவிட்டது. அண்ணை பேராசிரியையைப் பார்த்தார், அன்ரியைப் பார்த்தார், தன் கையில் இருந்த கயிற்றைப் பார்த்தார். அப்போது குசினிப் பக்கமிருந்து ஜெசிந்தா அக்கா ஏப்ரனோடு வந்து நின்றார்.

"இஞ்சாருங்கோ. ஒருக்கா, ஒரே ஒருக்கா, பிழை விட்டிட்டன் எண்டு சொல்லிப்போட்டு இறங்கி வாங்கோ. நானும் எவ்வளவு காலம் பாத்துக்கொண்டு நிக்கிறது?"

அண்ணையின் வாய் இரண்டு தரம் திறந்து மூடியது.

"நான்... பிழை விட்டிட்டன்."

சன்னமான குரல்தான். ஆனால் கூரை பறக்கக் கைதட்டினார்கள். அழுதவர்களும் சிரித்தவர்களும் ஒரே ஆட்களாகத்தான் இருந்தார்கள். பாடகர் குழு யாரும் சொல்லாமலே மங்களத்தைத் தொடங்கியது. பேக்கரி அன்ரன் கொம்பைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சேர்ந்து பாடினார்.

அண்ணையைக் குசினியில்தான் கண்டுபிடித்தேன். வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதில் இருந்தார். "போச்சு. எல்லாம் போச்சு" என்றார். பின்னால் பேராசிரியை வந்தார், கையில் இன்னும் அன்ரியின் ரோல். அன்ரி மேடைக்குக் கிட்ட வந்து என்ன சொன்னார் என்று என்னிடம் கேட்டார். மொழிபெயர்த்தேன். அவர் பேனாவைப் பைக்குள் போட்டார். முப்பது வருடமாக இந்த நாடகங்களைப் படிப்பிக்கிறேன், அவனைக் காப்பாற்ற ஒருவராவது எழுந்ததை இன்றுதான் பார்த்தேன் என்றார். பிறகு அண்ணையிடம், உங்கள் கடைசி அத்தியாயம் பிழை, சரியான அத்தியாயம் இப்போது வெளியே நடந்து முடிந்தது, போய் அதை எழுதுங்கள் என்றார்.

அண்ணை என்னைப் பார்த்தார். "மேடையில சொன்னது காணாதாமோ?" என்று தமிழில் கேட்டார். பிறகு பெருமூச்சு விட்டு, ஒரே நாளில் இரண்டாம் தரம், இந்த முறை இங்கிலிஷில், தன் பிழையை ஒத்துக்கொண்டார். ஜெசிந்தா அக்கா கழுவிய தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிலுவை அடையாளம் போட்டார்.

தை முடிவதற்கு இரண்டு நாள் இருக்கும்போது அரிசிப் பை பல்கலைக்கழகத்துக்குப் போனது. இந்த முறை ஜெசிந்தா அக்கா திறந்து பார்த்துவிட்டுத்தான் அனுப்பினார். புதிய அத்தியாயம் சொன்னது இதுதான்: அந்தப் படிப்பாளியைக் காப்பாற்ற ஆட்கள் எப்போதும் பக்கத்தில்தான் நின்றார்கள், அவன் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்திப் பார்க்கவில்லை, துன்பம் அங்கேதான் இருக்கிறது. பட்டம் கிடைத்தது. டொக்டர் என்று கேள்விப்பட்ட உடனே றோசலின் அன்ரி வந்து முழங்கால் நோவுக்கு மருந்து கேட்டார். அண்ணை ஒரு தைலத்தின் பெயர் எழுதிக் கொடுத்தார், அதில் நோவும் மாறியதாம். நாங்கள் தொடர்ந்து தீசிஸ் அண்ணை என்றுதான் கூப்பிட்டோம்.

புத்தகமாகக் கட்டி முடித்த தீசிஸின் ஒரு பிரதியை எனக்கும் தந்தார். ஒரு வரியும் விளங்கவில்லை. நன்றி சொல்லும் பக்கம் மட்டும் விளங்கியது. பேராசிரியைக்கு, அன்ரிக்கு, ஜெசிந்தாவுக்கு. கடைசி வரி இப்படி இருந்தது: "கயிற்றைத் தளர்வாகக் கட்டிய இரண்டாம் பிசாசுக்கு."

ஒத்திகையின்போதே அவருக்குத் தெரிந்திருக்கிறது. உலகத்தில் எல்லாருடைய பிழையையும் பிடித்த மனிதர், என்னுடைய அந்த ஒரு பிழையை மட்டும் கடைசிவரை பிடிக்காமல் விட்டிருக்கிறார்.