சர்வருக்கு ஒரு பாவு பூசை

ஆரணியில் பட்டு முதலாளிகள் இப்போது பெண்ணுக்கு வரன் தேடுவதைவிட சர்வருக்கு நெட்வொர்க் கார்டு தேடித்தான் அதிகம் அலைகிறார்கள். தேடித் தருபவர் காவி கட்டிய கார்டு சுவாமிகள். முதலாளியின் நட்சத்திரத்துக்குப் பொருந்தும் கார்டைக் குங்குமம் அப்பித் தட்டில் வைத்துத் தருவார். அவர் தங்கிய லாட்ஜ் வாசலில் வரிசை ரோடு வரை நின்றது. படித்தவர்கள்தான் முன்னால் நின்றார்கள்!

சந்திரமோகனும் ஒன்று வாங்கினார். அவருடைய இருபது தறிகளுக்கும் டிசைன் சர்வரிலிருந்து அந்தக் கார்டு வழியாகத்தான் போகிறது. ஒரு தறியில் மகள் சுகன்யாவின் முகூர்த்தச் சேலை பாதியில் இருந்தது. கல்யாணத்துக்கு இருபதே நாள்.

மூன்றாம் நாள் இணைப்பு அறுந்தது. தறிகள் நின்றன.

“தறியில புதுப் பாவு நூல் ஏத்தினா பூசை போடறீங்க. சர்வருக்குப் போட்டீங்களா?” என்றார் சுவாமிகள்.

பூசை இல்லாமல் பாவு ஏற்றாத பரம்பரை. சந்திரமோகன் அந்தப் பேச்சில் விழுந்துவிட்டார். சர்வரை அணைத்து, கற்பூரம் காட்டி, மறுபடி போட்டார்கள். ஓடியது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. இரண்டு நாளில் மறுபடி நின்றது. மறுபடி பூசை. சாமிக்கு நல்ல வருமானம்.

மூன்றாவது பூசைக்குள் கலையரசி வேலைக்குச் சேர்ந்திருந்தாள். கலசப்பாக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்து கம்ப்யூட்டர் பார்ப்பவள்.

“சாமி, எல்லாம் பண்ணுங்க. சர்வரை மட்டும் அணைக்க வாணாம்.”

மணி அடித்தார், மந்திரம் முழங்கினார். கற்பூரம் தீர்ந்தது. தறி அசையவில்லை. அணைத்தால்தான் தேவதை இறங்கும் என்றார், நெற்றியைத் துடைத்துக்கொண்டே.

கலையரசி மந்திரம் ஏதும் இல்லாமல் அணைத்துப் போட்டாள். இருபது தறியும் ஓடின.

“அணைச்சுப் போட்டா கெட்ட கார்டும் ரெண்டு நாள் ஓடும், சார். அதைத்தான் இவரு அருள்னு வித்துகினு இருக்காரு.”

கார்டைக் கழற்றிக் குங்குமத்தைத் துடைத்தாள். கீழே கம்பெனி பெயர் சுரண்டப்பட்டிருந்தது. காயலான் கடைச் சரக்கு! சுவாமிகள் தட்டைக்கூட எடுக்காமல் நடையைக் கட்டினார்.

சர்வர் செய்த கம்பெனி, எந்தெந்தக் கார்டு ஒத்துப்போகும் என்று பட்டியலே போட்டிருக்கிறது. அதில் ஒன்றை வாரண்டியோடு வாங்கி, மற்ற தறிகளை இரண்டு நாள் நிற்காமல் ஓடவிட்டுப் பார்த்த பிறகே கலையரசி சேலைத் தறியை இணைத்தாள். சுகன்யா அந்தச் சேலையில்தான் மணவறை ஏறினாள்.

கல்லில் உரசிப் பார்க்காமல் ஒரு கட்டு ஜரிகை வாங்கியதில்லை சந்திரமோகன். ஆரணியில் எவரும் வாங்கியதில்லை. அந்தக் கல்லை, காவியைக் கண்டதும் எங்கே ஒளித்து வைக்கிறீர்கள், ஐயா?