பேஸ் பேசிய கதை

"வர்ற வெள்ளிக்கிழமை ஆனையூர்ல என் பேஸ் பேசும். மதுரையே கேக்கும்!"

1997-ஆம் வருஷம் ஆவணி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், தலையில் எண்ணெயும் இடுப்பில் துண்டுமாக நின்றுகொண்டு ஹரிராம் இந்தச் சபதத்தை எடுத்தார். சபதம் எடுக்கத் தோதான உடுப்பு இல்லைதான். ஆனால் வீரம் வந்த பிறகு வேட்டியைத் தேடிக்கொண்டா இருப்பார்கள்?

ஹரிராம் கண்ணுச்சாமி மெல்லிசைக் குழுவில் பேஸ் கிட்டார் வாசிப்பவர். நாலு கம்பி. பாட்டுக்கு அடியில் கிடந்து 'தும் தும்' என்று முழங்கும். வீட்டுக்கு அஸ்திவாரம் எப்படியோ, பாட்டுக்கு அது அப்படி. புது வீடு பார்க்க வருகிறவர்கள் அஸ்திவாரத்தைப் பாராட்டிவிட்டா போகிறார்கள்? பன்னிரண்டு வருஷமாக ஹரிராமின் கதியும் அதுதான். அவருடைய கச்சேரியை முதல் தடவை பார்த்த மாமியார்கூட, "மாப்பிள்ளை எல்லாரோடயும் சேந்து நல்லா நிக்கிறாரு" என்றுதான் சொன்னார்.

போன கச்சேரியோடு விஷயம் முற்றிவிட்டது. குழுத் தலைவர் கண்ணுச்சாமி அவரைத் தனியே கூப்பிட்டார்.

"ஹரி, கோவிச்சுக்காத. புதுக் கீபோர்டு வாங்கியிருக்கம்ல? அதுல சுருளி இடது கையாலயே பேஸ் போட்டுர்றான்."

"அப்ப நான் எதுக்குண்ணே?"

"அதைத்தான் நானும் யோசிக்கிறேன். ஆனையூர்க் கோயில் கச்சேரியில பாப்போம். நீ வாசிக்கிறது கேட்டுச்சுன்னா நீ இரு. கேக்கலைன்னா சுருளி பாத்துக்கிருவான்."

பன்னிரண்டு வருஷ உழைப்பை இன்னொருத்தனுடைய கை தட்டிப் பறிப்பதா? அதுவும் இடது கை! ஹரிராமுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் எண்ணெய் தேய்க்கும்போதுதான் யோசனை பிறந்தது. ஒரு ஆம்ப்ளிஃபயரில் கேட்காத பேஸ், இரண்டு ஆம்ப்ளிஃபயரில் கேட்டுத்தானே ஆக வேண்டும்? உடனே பக்கத்து வீட்டுப் பேச்சிமுத்துவைப் பிடித்தார். பேச்சிமுத்து தன் மச்சானிடமிருந்து ஒரு ஆம்ப்ளியும் ஒரு ஸ்பீக்கர் பாக்ஸும் இரவல் வாங்கி வந்து இறக்கினார்.

இந்த இடத்தில் ஹரிராமின் மனைவி சூடாமணியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர் அவளைச் செல்லமாக 'சூடா' என்பார். "சூடா!" என்று குரல் கொடுத்தால் முதலில் காபி வரும், பின்னாலேயே அவள் வருவாள். இரண்டில் எதற்குச் சூடு அதிகம் என்பது அன்றைக்கு அவர் என்ன செய்துவைத்தார் என்பதைப் பொறுத்தது. வீட்டில் பேச்சு தாய்மொழியான சௌராஷ்டிரத்தில். சண்டை மட்டும் தமிழில். பக்கத்து வீட்டுக்காரருக்குப் புரியாத சண்டையில் ஜெயித்து என்ன பிரயோஜனம் என்பது ஹரிராமின் கட்சி.

சூடாமணியின் அப்பா கிரிதரன் வண்டியூரில் மைக் செட் வைத்திருந்தவர். அந்த வீட்டில் மற்ற பெண்கள் கோலம் பழகிய வயதில் இவள் ஒயர் சுற்றப் பழகினாள். எந்த ஒயர் எதில் போகும் என்பது அவளுக்கு அத்துப்படி. இது ஹரிராமுக்கும் தெரியும். ஆனால் மைக் செட் வேறு, சங்கீதம் வேறு. பெண்டாட்டி சொன்னாள் என்று ஒரு ஒயரைச் சொருகிவிட்டால் அப்புறம் கலைஞன் என்று சொல்லிக்கொண்டு எந்த முகத்தோடு வெளியே போவது?

புதன்கிழமை கூடத்தில் ஒத்திகை தொடங்கியது. இரண்டு ஆம்ப்ளி, இரண்டு பாக்ஸ், நடுவில் ஹரிராம். சுவருக்கு அந்தப் பக்கம் காதைத் தீட்டிக்கொண்டு பேச்சிமுத்து.

"என்னங்க, ரெண்டு ஆம்ப்ளிக்கும் தனித்தனியா பாக்ஸ் குடுங்க. ரெண்டு அவுட்டையும் ஒரே பாக்ஸ்ல குடுத்தா ரெண்டுமே வெந்துரும்" என்றாள் சூடாமணி.

"அப்படியா? அப்ப ஒரே பாக்ஸ்லதான் குடுக்கப் போறேன். யாருகிட்ட வந்து பாடம் நடத்துற?"

ஹரிராம் இரண்டாவது ஒயரையும் முதல் பாக்ஸுக்கே கொண்டுபோனார். சூடாமணி ஒயரைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். பிறகு தலையில் லேசாகத் தட்டிக்கொண்டாள்.

"அட, நாந்தான் மாத்திச் சொல்லிட்டேன். ஒரே பாக்ஸ்லயே குடுத்துருங்க. இன்னொரு பாக்ஸைத் தூக்குற வேலையும் மிச்சம்."

ஒயர் அந்தரத்தில் நின்றது.

"தூக்குற வேலை மிச்சமா? கச்சேரின்னா உனக்கு அம்புட்டு லேசாப் போச்சா? ஊரே திரும்பிப் பாக்க ரெண்டு பாக்ஸ் வைக்கப் போறேன். தனித்தனியாத்தான் குடுப்பேன்!"

"உங்க இஷ்டம். பாக்ஸ் பின்னால எட்டு ஓம்னு போட்டிருக்கே, அதையாவது பாத்தீங்களா?"

"கோயில் கச்சேரிக்கு ஓம் இல்லாமயா? எட்டென்ன, நூத்தியெட்டு ஓம் இருக்கட்டும்!"

நல்லவேளை, ஆம்ப்ளியிலும் அதே எட்டு ஓம் மின்தடைதான் போட்டிருந்தது. சூடாமணி குனிந்து பார்த்து உறுதி செய்துகொண்டு எழுந்தாள்.

ஹரிராம் ஒரு பிளக்கைக் கூடத்திலும் இன்னொன்றை அடுப்படியிலும் சொருகி, கிட்டாரை இரண்டுக்கும் சேர்த்து மாட்டி, சுவிட்சைப் போட்டார். 'ம்ம்ம்ம்ம்' என்று ஒரே இரைச்சல். கிட்டாரைத் தொடவே இல்லை, அதற்குள் வீடெல்லாம் வண்டு. சத்தம் கேட்டு ஓடிவந்த பேச்சிமுத்துவிடம் மருந்து தயாராக இருந்தது.

"இதுக்காண்ணே கவலைப்படுறீக? பிளக்குல மேல தடியா ஒரு கால் இருக்குல்ல, எர்த்து. ஒரு பிளக்குல அதை ஒடிச்சு விட்ருங்க, கப்புனு நின்னுரும். ஊரு பூராம் அப்படித்தான் செய்றாய்ங்க."

ஹரிராம் கையில் குறடு ஏறிவிட்டது. சூடாமணியின் முகம் ஒரு நொடி வெளுத்துப்போனது. அதை அவர் கவனித்திருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும். அவர் கண் குறட்டின் மேல்தான் இருந்தது.

"ஒடிங்க, ஒடிங்க" என்றாள் சூடாமணி. "எர்த்து என்னத்துக்கு? ஆம்ப்ளியில கரண்டு கசிஞ்சா கிட்டார் கம்பிக்கு வரும். கம்பியைத் தொட்டுக்கிட்டு மைக்கைப் புடிச்சீங்கன்னா உங்களுக்கு வரும். அம்புட்டுத்தானே? எங்கப்பா செட்ல ஒருத்தர் அப்படித்தான் மைக்கைப் புடிச்சாரு. அப்புறம் விடவே இல்ல."

"அம்புட்டு நேரமா? என்ன பாட்டுப் பாடுனாரு?"

"பாட்டெல்லாம் பாடலை."

குறடு தானாகக் கீழே இறங்கியது. ஹரிராம் பேச்சிமுத்து பக்கம் திரும்பினார்.

"யோவ், என்ன ஆளுய்யா நீ? எர்த்துன்னா பூமித்தாய்! அவ காலையே ஒடிக்கச் சொல்றியா? அந்தப் பாவம் என் வீட்ல நடக்காது!"

"அப்ப இரைச்சலோட இருக்க வேண்டியதுதான்" என்று பெருமூச்சு விட்டாள் சூடாமணி. "ரெண்டு பிளக்கையும் ஒரே சுவிட்ச் பெட்டியில மட்டும் சொருகிராதீங்க. பாக்கவே அசிங்கமா இருக்கும்."

அடுத்த நிமிஷம் இரண்டு பிளக்கும் ஒரே சுவிட்ச் பெட்டியில், மூன்று காலும் முழுசாக, ஜோடியாக உட்கார்ந்திருந்தன. இரண்டுக்கும் எர்த்து ஒன்றானதும் வண்டு பறந்துவிட்டது. ஹரிராம் மீசையைத் தடவிக்கொண்டு, "பாத்தியா?" என்றார். பார்த்தேன் என்று தலையசைத்துவிட்டு சூடாமணி குழம்பைக் கவனிக்கப் போனாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. ஆனையூரில் கோயிலுக்கு எதிரே தகரக் கொட்டகை போட்டு மேடை. மாலை நாலு மணிக்குச் சத்தம் சரிபார்த்தார்கள். பாக்ஸ் தூக்க வந்த பேச்சிமுத்துவும் மேடை ஓரத்தில் நின்றார். விழாக் கமிட்டித் தலைவர் நல்லகாமன் முன் வரிசையில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். மேடையில் சுருளி இடது கை விரல்களை மடக்கி மடக்கிச் சொடக்கு எடுத்துக்கொண்டிருந்தான்.

ஹரிராம் வீட்டில் கழற்றிய ஒயர்களை மேடையில் அவசரமாக மாட்டி, இடது ஆம்ப்ளியை மட்டும் போட்டு வாசித்தார். தும். வலதை மட்டும் போட்டார். தும். கம்பீரமாக நெஞ்சை நிமிர்த்தி இரண்டையும் சேர்த்துப் போட்டு, பலங்கொண்ட மட்டும் கம்பியை இழுத்தார்.

'டிக்' என்று ஒரு சத்தம். பல்லி கத்தியது போல.

எல்லாக் குமிழையும் திருகிப் பார்த்தார். டிக், டிக். ஒன்றும் ஒன்றும் இரண்டு என்றுதான் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். இங்கே ஒன்றும் ஒன்றும் பூஜ்யமாகிவிட்டது. கண்ணுச்சாமி கடிகாரத்தைப் பார்த்தார். சுருளி ஒரு தட்டுத் தட்டினான். தும் என்று முழங்கியது. ஹரிராமுக்கு உண்மையாகவே கண் கலங்கிவிட்டது. நாளையிலிருந்து இந்த மேடையில் தனக்கு நிற்கக்கூட இடமில்லை என்று நினைத்தார்.

அந்த நேரம் பார்த்துக் காபி பிளாஸ்க்கோடு சூடாமணி வந்தாள். தலையைச் சாய்த்து இரண்டு டிக்கைக் கேட்டாள்.

"பேஸ் மாறிப்போயிருக்கு."

"மாறாம? பொழப்பு போகப் போறவன் பேஸ் வேற எப்படி இருக்கும்?"

"மூஞ்சியைச் சொல்லலைங்க. பேஸ், பேஸ்!"

"என் கிட்டாரையா சொல்ற? பன்னெண்டு வருஷமா அதே பேஸ்தான்!"

"கிட்டாரும் இல்ல. கரண்டுல சிங்கிள் பேஸ், த்ரீ பேஸ்னு சொல்றாங்கல்ல, அந்தப் பேஸ். ஒரு பாக்ஸ் காத்தை முன்னால தள்ளும்போது இன்னொண்ணு பின்னால இழுக்குது. ஒண்ணு பேசுறதை ஒண்ணு அமுக்கிருது."

"நம்ம ரெண்டு பேரு மாதிரின்னு சொல்லு."

"நம்ம வீட்ல ஒரு பாக்ஸாவது கேக்குதே" என்றவள், சட்டென்று குரலை மாற்றினாள். "எனக்கென்ன தெரியும்? நீங்க எதை வேணாலும் செய்யுங்க. ஒண்ணே ஒண்ணு, அந்த வலது பாக்ஸ்ல செவப்பு ஒயரையும் கறுப்பு ஒயரையும் மட்டும் இடம் மாத்திராதீங்க. கையெடுத்துக் கும்புடுறேன். மீறி மாத்துனாலும் ஆம்ப்ளியை ஆஃப் பண்ணிராதீங்க."

"ஆஃப் பண்ணாம ஒயரைத் தொடணுமா? நீயெல்லாம் மைக் செட்டுக்காரர் பொண்ணு! தள்ளிப் போ!"

ஆம்ப்ளியை அணைத்தார். சிவப்பு இருந்த இடத்தில் கறுப்பு, கறுப்பு இருந்த இடத்தில் சிவப்பு. மறுபடி சுவிட்சைப் போட்டு, கம்பியை மெல்லத்தான் தொட்டார்.

தும்ம்ம்!

தகரக் கொட்டகை ஒருமுறை குலுங்கி அடங்கியது. நல்லகாமனின் மேஜையில் இருந்த சோடா பாட்டில் தானாக நகர்ந்து ஓரத்துக்கு வந்தது. "ஆத்தாடி! என்னய்யா, நெஞ்சுக்குள்ள வந்து தட்டுது!" என்று எழுந்தே நின்றுவிட்டார் நல்லகாமன். சுருளியின் இடது கை சட்டைப் பைக்குள் போனது.

அன்று கச்சேரியில் ஹரிராம் வைத்ததுதான் சட்டம். கூட்டம் காலால் தாளம் போட்டது. கண்ணுச்சாமி மைக்கில், "பேஸ் கிட்டார், நம்ம ஹரிராம்!" என்று பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அறிவித்தார். "ஹரி, நீ இல்லாம இனிமே குழுவே கிடையாது" என்று காதோடு சொன்னார். கைதட்டல் ஓயவில்லை. ஹரிராமுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. எர்த் சரியாக இருந்ததால் அது புல்லரிப்பு மட்டும்தான். மைக்கை வாங்கினார்.

"இந்தப் பெருமைக்குக் காரணம் என் மனைவி. அவங்க என்ன என்ன சொன்னாங்களோ, எல்லாத்துக்கும் நேர் எதிராச் செஞ்சேன். ஜெயிச்சுட்டேன்!"

மூன்றாவது வரிசையில் சூடாமணிதான் எல்லாரையும்விடப் பலமாகக் கைதட்டினாள். அவள் முகத்திலும் பெருமை வழிந்தது.

மறுநாள் காலை. ஹரிராம் பேப்பரும் கையுமாக உட்கார்ந்திருந்தபோது பேச்சிமுத்து வந்தார்.

"அண்ணே, ராத்திரியிலேருந்து ஒரு சந்தேகம். தங்கச்சி மொதல்ல தனித்தனி பாக்ஸுனுதான சொல்லுச்சு? நீங்க மாட்டேன்னதும் மாத்திச் சொல்லுச்சு. நீங்க தனித்தனியாவே குடுத்தீக."

"ஆமா."

"எர்த்தை ஒடிங்கன்னுச்சு, நீங்க ஒடிக்கலை. ஒரே பெட்டியில சொருகாதீங்கன்னுச்சு, சொருகுனீக. ஒயரை மாத்தாதீங்கன்னுச்சு..."

ஹரிராம் விரல் விட்டு எண்ணினார். நாலாவது விரலில் பேப்பர் கை நழுவியது.

"சூடா!"

காபி வந்தது. பின்னாலேயே அவளும் வந்தாள்.

"என்னைய வச்சு பொம்மலாட்டமா ஆடுற? எல்லாம் எனக்குத் தெரிஞ்சுபோச்சு! இனிமே உன் பாச்சா என்கிட்ட பலிக்காது. இன்னையிலேருந்து நீ என்ன சொன்னாலும் ஒரு எழுத்து மாறாம அப்படியே செய்வேன். அப்ப என்ன பண்ணுவ? ஆங்? என்ன பண்ணுவ?"

சூடாமணி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாள்.

"ஐயையோ! உங்களுக்குப் புண்ணியமாப் போகும், அதை மட்டும் செஞ்சிராதீங்க!"

அவள் பதறிய பதற்றத்தைப் பார்த்ததும் ஹரிராமுக்குப் பெருமை பிடிபடவில்லை. அன்றிலிருந்து இன்றுவரை, அவள் சொல்வதையெல்லாம் விடாமல் அப்படியே செய்துகொண்டிருக்கிறார்.