சேராத கோடும் சேரவேண்டிய சம்பந்தமும்

புத்தூர், திருச்சி
ஜூன் 1978

அன்பும் மரியாதையும் உள்ள வியாகுலம் அக்காவுக்கு, தம்பி பாக்கியநாதன் தோத்திரம் சொல்லி எழுதுவது. அத்தானுக்கு மூட்டுவலி குறைந்ததா? இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை.

நீங்கள் முசிறியில் தேடிப் பிடித்து அனுப்பிய சம்பந்தத்தை என் வாயாலேயே கெடுத்துவிட்டேன், அக்கா. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து தைரியராஜ் வாத்தியார் குடும்பத்தோடு நம் மேரியைப் பெண் பார்க்க வந்தார். வந்த நேரம் பார்த்து கரண்ட் இல்லை. நான் விசிறி வீசிய வேகத்தில் அவர் மனைவி மடியில் கேசரித் தட்டு கவிழ்ந்தது. அதோடாவது நான் சும்மா இருந்திருக்கலாம். மேரி பி.எஸ்ஸி. கணக்கு, வகுப்பிலேயே முதல் என்று பீற்றிக்கொண்டேன். பாடச் சொல்வார்கள் என்று மாதா பாட்டு ஒன்று தயாராக வைத்திருந்தோம். ரிட்டயரான கணக்கு வாத்தியார் அல்லவா, பாட்டை யார் கேட்டார்கள்! "2x + 3y = 7. இந்தக் கோட்டுக்கு இணையா, (4, 1) புள்ளி வழியா போற கோட்டோட சமன்பாடு என்னம்மா?" என்றார். மேரி வாயைத் திறந்தாள். அதற்குள் எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ கோபம். இணைகோடுகள் எவ்வளவு தூரம் போனாலும் ஒன்றையொன்று தொடாது என்று நானும் எட்டாம் வகுப்பில் படித்தவன்தானே. "கல்யாணம் பேச வந்த எடத்துல, கடைசிவரைக்கும் சேராத கோட்டப் பத்தியாங்க கேப்பீங்க? வேற நல்ல வார்த்தையே கெடைக்கலையா?" என்று கத்திவிட்டேன்.

அவர் எழுந்துவிட்டார். "விடை 2x + 3y = 14. இதுகூடத் தெரியாத வீட்டுல எங்களுக்கு என்ன வேலை?" மாப்பிள்ளை பிலோமின்ராஜும் எம்.எஸ்ஸி. கணக்குதான். "தம்பி, நீங்களாவது சொல்லுங்க" என்று அவர் கையைப் பிடித்தேன். "அப்பா சொன்னா சரிதாங்க" என்று தலையாட்டிவிட்டுப் பின்னாலேயே போய்விட்டார். வாத்தியார் போன வேகத்தில் என் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அவருடையது என் காலைக் கடிக்கிறது.

அன்றிலிருந்து என் வீட்டுக்காரி அக்னஸ் எனக்குச் சோறு போடுகிறாள், பேசுவதில்லை. பெற்ற மகள் வாழ்வில் நானே மண்ணை அள்ளிப் போட்டேனே! அக்கா, நீங்கள் ஒரு நடை அவர்கள் வீட்டுக்குப் போய், தம்பி முட்டாள், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று சொல்லுங்கள். காலில் விழச் சொன்னாலும் பஸ் ஏறி வந்து விழுகிறேன்.

அத்தானுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. மாதா உங்கள் வீட்டைக் காக்கட்டும்.

இப்படிக்கு,
புத்திகெட்ட தம்பி
பாக்கியநாதன்

பி.கு.: இன்லண்டு லெட்டரை ஒட்டச் சொல்லி மேரியிடம் கொடுத்தேன், படித்துவிட்டாள். "அத்தை எதுக்குப்பா போகணும்? விடை பதினாலு இல்ல, பதினொண்ணு. x-க்கு நாலு, y-க்கு ஒண்ணு போட்டா எட்டும் மூணும் பதினொண்ணு. பெரியவரு மாத்திப் போட்டுட்டாரு, போகட்டும். எம்.எஸ்ஸி. படிச்சவருக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிஞ்சே தலையாட்டுனாரு. அப்பாவுக்குப் பயந்து தப்பை சரிங்கறவரு, நாளைக்கு எனக்காக என்ன பேசுவாரு?" என்றாள். அக்னஸ் சிரித்தே விட்டாள். ஆகையால் அக்கா, போக வேண்டாம். அவர்களாகவே சமாதானம் பேச வந்தாலும், தம்பிக்கு இன்னும் கோபம் ஆறவில்லை என்று சொல்லிவிடுங்கள்.