இரண்டாம் குதிரைப்படை ஏன் பிந்தியது

பெரிய போர்களைப் பற்றிப் பேசுகிறவர்களை விட்டுவிடுங்கள், அவர்களால் ஆபத்தில்லை. நான் எச்சரிப்பது சில்லறைப் போர் நிபுணரைப் பற்றி. நெப்போலியன் காலத்தில் இந்தச் சுவிஸ் நாட்டு வயலொன்றில் பிரெஞ்சுக் குதிரைகள் அறுபதும் ஒஸ்ரியக் குதிரைகள் எண்பதும் அரைமணி நேரம் மோதியிருக்கும். பாடப்புத்தகத்தில் அதற்கு ஒரு வரி இல்லை, அங்கே இன்று சோளம் போடும் விவசாயிக்கே தெரியாது. அதுதான் அவருக்கு வேண்டும். வாட்டர்லூ என்று நீங்கள் வாயைத் திறந்தால், அது எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்று முகம் சுளிப்பார்.

இவரை எங்கே காணலாம்? பிறந்தநாள் விழாக்களில், உங்கள் தட்டுக்குப் பக்கத்தில். உங்கள் வடையை மேடாக்கி, சம்பலை ஆறாக ஓடவிட்டு, கடலையை இரண்டு அணியாகப் பிரித்துவிடுவார். போர் முடியும்வரை நீங்கள் சாப்பிட முடியாது. எந்தக் குதிரைக்கு எப்போது லாடம் கழன்றது என்பது வரை தெரியும். தன் காரின் சில்லில் காற்றில்லை என்பதை இன்னொருவர் சொல்லவேண்டும்.

கூர் நகரத்துப் பாலேந்திரன் இந்த இனத்தின் பழுதில்லாத மாதிரி. போன ஆவணியில் அவருடைய தம்பி மகனுக்கு பேர்ன் கோயிலில் கலியாணம். முகூர்த்தம் பதினொன்று நாற்பதுடன் முடிகிறது. தாலியும், மணப்பெண் உடுத்தவேண்டிய கூறைச்சேலையும் பொறுப்பான பெரியப்பா என்று நம்பி இவர் காரில் ஏற்றப்பட்டிருந்தன. பக்கத்தில் மாப்பிள்ளையின் தங்கை ரிஷானி.

சூரிச் தாண்டியதும் கார் நெடுஞ்சாலையை விட்டு இறங்கியது.

"அஞ்சு நிமிசம்தான் பிள்ளை. அந்த வயல் இஞ்சதான்."

ஐந்து இருபதாயிற்று. ஆளுயரச் சோளத்தின் முன்னால் பட்டுவேட்டியோடு நின்று, பிரெஞ்சுக்காரர் வென்றுகொண்டிருந்ததையும், உதவிக்கு வரவேண்டிய இரண்டாம் படை பிந்தியதால் எல்லாம் கைநழுவியதையும் கைகளாலேயே குதிரை ஓட்டிக் காட்டினார். ரிஷானியின் தொலைபேசி ஏழாவது தடவை அதிர்ந்தது.

"அவை ஏன் பிந்தினவை, பெரியப்பா?"

"அதுதான் இருநூறு வருசமா ஒருத்தருக்கும் பிடிபடேல்லை."

"வழியில எங்கையோ இறங்கி நிண்டு, தலைவர் ஆருக்கோ விளங்கப்படுத்தியிருப்பார்."

அவர் சோளத்தைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அந்த வயலோரத்தில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, காரை நோக்கி ஒரு பாய்ச்சல் நடந்தது.

மணப்பெண் கூறையை அரைகுறையாகச் சுற்றிக்கொண்டு ஓடிவந்து உட்கார, பதினொன்று முப்பத்தெட்டுக்குத் தாலி ஏறியது. சாப்பாட்டு மேசையில் பாலேந்திரன் பக்கத்திலிருந்தவரின் வடையை எடுத்தார். இரண்டாம் படை பிந்திய காரணத்தை அன்று காலைதான் கண்டுபிடித்ததாக அறிவித்தார். களத்தில் நின்று யோசித்தால்தான் இதெல்லாம் பிடிபடுமாம்.

உங்களுக்குக் குதிரைகளில் ஆர்வமே இல்லையா? நல்லது. ஆனால் உங்கள் வீட்டு வாசலில் சப்பாத்தும் போட்டு, கோட்டும் மாட்டி ஒருவர் காத்து நிற்கிறாரே, அவரிடம் இதை வாசித்து முடித்துவிட்டு வருகிறேன் என்று எத்தனை நிமிடத்துக்கு முன்னால் சொன்னீர்கள்?