வெளிச்சம் அண்ணனும் பார்வதி அக்காவின் டிவியும்

யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் டிவியை நலம் விசாரித்துவிட்டு, அப்புறம் போனால் போகிறதென்று மனிதர்களை விசாரித்த ஒரே ஜீவன், கோலசிலாங்கூரிலிருந்து உலு யாம் வரைக்கும் தேடினாலும், எங்கள் வெளிச்சம் அண்ணன்தான்.

அப்போது நாங்கள் ஜெராம் பக்கம் ஒரு தாமானில், வரிசை வீட்டுக் குடியிருப்பில், இருந்தோம். அண்ணன் எங்கள் வரிசையில் கடைசி வீடு. எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டினார். சொந்தப் பெயர் என்னவென்று அவர் மனைவியே யோசித்துத்தான் சொல்லுவார். "வெளிச்சம் பத்தலையே" என்று எல்லார் வீட்டு டிவியையும் பார்த்துச் சொல்லிச் சொல்லி, அதுவே பெயராகிவிட்டது.

அவருக்கு எச்டிஆர் பித்து. "வெயில்ல நிக்கிறவனும் தெரியணும், பந்தலுக்குள்ள நிக்கிறவனும் தெரியணும். ஒருத்தன் வெளுத்துப் போகக் கூடாது, ஒருத்தன் இருட்டுல முழுகக் கூடாது. அதாண்டா எச்டிஆர்" என்பார். சாவு வீட்டில்கூடப் பிணத்துக்கு மாலை போட்டுவிட்டு, அணைத்து வைத்திருக்கும் டிவியின் பின்பக்கம் எட்டிப் பார்த்தவர்.

அண்ணனின் தங்கை மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க உலு யாம் போனோம். பலகாரத் தட்டு வரும்முன்னே அண்ணன் கேட்டுவிட்டார்.

"எச்டிஆர் இருக்கா?"

மாப்பிள்ளையின் அப்பாவுக்கு முகம் வெளிறிவிட்டது. "எங்க பரம்பரையிலேயே அது கெடையாதுங்க. எனக்கு மட்டும் கொஞ்சம் சக்கரை இருக்கு. பையனுக்கு ஒண்ணுமே இல்ல, வேணும்னா ரத்தம் பாத்துக்குங்க."

கல்யாணம் நடந்தது. அந்த வீட்டு டிவியையும் அண்ணன் சரி செய்துவிட்டுத்தான் வந்தார்.

ஆனால் நான் சொல்ல வந்தது பார்வதி அக்கா வீட்டுக் கதை. அக்கா எங்கள் பக்கத்து வீடு. மகள் கல்யாணம் முடிந்த சில மாதத்தில் அவர் வீட்டுக்காரர் முனியாண்டி அண்ணன் காலமாகிவிட்டார். மகள் பெரிய டிவியும், படம் காட்டும் சின்னப் பெட்டியும் வாங்கிக் கொடுத்து, கல்யாண வீடியோவை அதில் போட்டு வைத்துவிட்டுப் பினாங்குக்குப் போய்விட்டாள்.

அக்கா ஆசையாகப் போட்டுப் பார்த்தார். கூரைப்புடவை வெளுத்துக் கிடந்தது. பந்தலுக்குள் நின்ற முனியாண்டி அண்ணனோ கரிக்கட்டை. போனில் அதே வீடியோ நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவ்வளவு சின்ன முகம் அக்கா கண்ணுக்கு எட்டவில்லை.

"பல்லும் வேட்டியும்தான் தெரியுது தம்பி. மனுசனைக் காணோம்" என்றார் வெளிச்சம் அண்ணனிடம்.

அண்ணன் அன்றைக்கு லோரியை எடுக்கவில்லை. ஒரு பை நிறைய ஒயரோடு வந்தார். முதல் வேலையாக ஜன்னல் திரைகளை எல்லாம் இழுத்து மூடினார். தெருவில் போனவர்கள் பேய் ஓட்டுகிறார்கள் என்று நின்று பார்த்தார்கள்.

வெளிச்சத்தைக் கூட்டினார். "ஐயோ, அவரு திருநீத்துல விழுந்து எந்திரிச்ச மாதிரி இருக்காரு" என்றார் அக்கா. குறைத்தார். முனியாண்டி அண்ணன் மறுபடி காணாமல் போனார். எதையோ அழுத்தப் போய் டிவி முழுக்கக் கொரிய எழுத்தாகிவிட்டது.

"அக்கா, நீங்கதான் கொரியா நாடகம் பாப்பீங்களே!"

"பாப்பேன்லா. படிக்கவா தெரியும்?"

எப்படியோ அதிலிருந்து மீண்டு, பழைய ஒயரைக் கழற்றிப் புது ஒயரை மாட்டினார். டிவியில் அந்த ஒயர் செருகும் துளை வழியாக எச்டிஆர் வராதபடி அடைத்து வைத்திருந்தது, அதைத் திறந்துவிட்டார். பெட்டியில், வீடியோ எப்படியோ அப்படியே அனுப்பு என்று மாற்றினார். டிவி கறுத்து, சிமிட்டி, திரும்ப வந்தது. புடவை அரக்குச் சிவப்பாய் ஜொலித்தது. ஆனால் முனியாண்டி அண்ணன் முகம் மட்டும் இன்னும் மங்கல்.

அண்ணன் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார். வைத்த தேத்தண்ணி ஆறியது.

"புழுங்குது தம்பி" என்று அக்கா எழுந்து ஜன்னல் திரையை விலக்கினார். வெயில் உள்ளே விழுந்தது. டிவி மெல்லப் பிரகாசமானது.

"மூடுங்க!" என்று கத்தினார் அண்ணன். மூடினார். மங்கியது. "தொறங்க!" திறந்தார். பளிச்சென்றது. "மூடுங்க! தொறங்க!"

"எனக்கென்ன பைத்தியமா தம்பி?"

"எனக்குத்தான்க்கா! அறை இருட்டாச்சுன்னா இது கரண்ட மிச்சம் புடிக்க தானா மங்கிடுது. நான் காலையில இருந்து இருட்டாக்கிட்டு, இருட்டா இருக்கு, இருட்டா இருக்குன்னு அடிச்சிக்கிறேன்!"

மின்சாரம் மிச்சம் பிடிக்கும் அந்த வசதியைத் தேடி அணைத்தார். ஜன்னல் திரையை மூடியும் பார்த்தார். இப்போது மங்கவில்லை.

முனியாண்டி அண்ணன் பந்தல் காலைப் பிடித்தபடி நின்றார். கருப்பட்டி நிறம். காது மடலில் வெயில். கண் இரண்டும் நிறைந்து, ஒரு சொட்டு கன்னத்தில் இறங்கியிருந்தது.

அக்கா டிவிக்கு அருகில் போனார். "அழுதிருக்காரு பாரு. அன்னைக்கு ஏன் கண்ணு செவந்திருக்குன்னு கேட்டேன். ஓமப்புகைன்னாரு. புகை அந்தப் பக்கமே போகல." சிரித்தார். சிரித்துக்கொண்டே முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

வெளிச்சம் அண்ணன் மட்டும் டிவியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "நெறம் சரியாக்கா?" என்றார்.

"சரிதான் தம்பி. இவருதான்."

நாங்கள் கிள்ளானுக்குக் குடிவந்து சில வருஷமாகிறது. எங்கள் வீட்டு டிவியில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் போன ஞாயிற்றுக்கிழமை அவருக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, இங்க வெளிச்சமே பத்தல. ஒரு நடை வந்துட்டுப் போங்களேன்."